கல்லை மாற்றியவள்

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி, வயதிலும் மூத்தவள். கூப்பிடுகிற மரியாதையில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் கை போகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓர் அட்டிகை இருக்கிறது. மாமியார் போட்டிருந்தது. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் கெம்புக்கல் அட்டிகை. சிவப்புக் கற்களை வரிசையாகப் பதித்து, நடுவில் ஒரு பதக்கம் தொங்கும். அதை அழித்து இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று மாமியார் கடைசிக் காலத்தில் சொல்லிவிட்டார். எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்கு அட்டிகை போகும். மற்ற வீட்டில் விசேஷம் வரும்வரை அங்கேயே இருக்கும். இதைச் சாக்கிட்டாவது இரண்டு மருமகள்களும் ஒட்டியிருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எங்களை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவர்கள் உசிலம்பட்டிக்கு மேற்கே மாடு கன்று, மானாவாரி நிலம் என்று இருக்கிறார்கள். நாங்கள் மதுரையில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். என் கணவருக்கு ஒரு லாட்ஜில் சாவி கொடுத்து வாங்கும் வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். அளவு எடுக்கும்போதுகூட வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. டேப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். கூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது சூடாகிவிடும். அவளுக்கு அது திமிராகத் தெரிந்தது. டவுனுக்குப் போனதும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டாள் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லத் தொடங்கினாள். அந்தப் பூட்டு, அவள் பேச்சுக்குப் பயந்து, அவள் வீட்டில்தான் முதலில் விழுந்தது என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

என் மகள் பெரியவளானபோது சடங்கு வைத்தோம். அட்டிகையை அவள்தான் கொண்டுவந்தாள். எவர்சில்வர் டப்பாவிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அன்று அது தகதகவென்று இருந்தது, உண்மை. போட்டோக்களிலும் அப்படித்தான் இருக்கிறது. சடங்கு முடிந்ததும் வேர்வை போகக் காய்ந்த துணியால் துடைத்து, ரோஸ் தாளில் சுற்றி, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் அதைப் போட்டுக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. நானும் எடுத்துப் பார்க்கவில்லை. பொதுப் பொருளை அடிக்கடி எடுத்துப் பார்க்க எனக்குக் கூச்சம்.

மறு வருடம் அவள் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பரிசம் போட நாள் குறித்துவிட்டு, அட்டிகையை வாங்கிப்போக வந்தாள். நான் தாளோடு எடுத்து நீட்டினேன். ஜன்னல் ஓரம் போய்ப் பிரித்தாள். எனக்கே திக்கென்றது. சிவப்பாக இருந்த கற்களெல்லாம் காய்ந்த ரத்தம் மாதிரி கறுத்துக் கிடந்தன. தூக்கிப் பிடித்ததும் பதக்கத்திலிருந்த பெரிய கல் கழன்று தாளிலேயே விழுந்தது. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெளுத்துப்போய், ரோஸ்மில்க் குடித்துக் கழுவாத கிளாஸ் மாதிரி இருந்தது.

"கண்ணாடி" என்றாள். போட்டு வைத்த காப்பி அப்படியே இருக்க, எல்லாவற்றையும் தான் கொண்டுவந்திருந்த டப்பாவில் போட்டு மூடி, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் அங்கேயே கத்தியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். வீட்டுக்குள் கத்துவதில் அவளுக்கு என்ன லாபம்?

கத்துவதற்குக் கீழக்குயில்குடியில் இடம் கிடைத்தது. சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு அங்கே கோயிலில் காதுகுத்து. கிடா வெட்டி, மரத்தடியில் சமையல் நடந்தது. பெண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மலைப் பக்கம் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல அவள் ஆரம்பித்தாள்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தி அட்டிகைக் கல்ல வித்துத் தின்னுட்டு கண்ணாடியப் பதிச்சு வச்சிருக்கா. பேரு சொல்ல மாட்டேன். அதிகம் பேசாத ஆளு."

உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லாக் கண்ணும் என்மேல் வந்தன. நான் கோயில் குளத்தில் தாமரை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உப்பைத் தின்றவள் அழுகிறாள் என்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து சொந்தத்தில் நான் கல்லை மாற்றியவள். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முன்பெல்லாம் துணியைக் கொடுத்துவிட்டு, 'எப்படியாவது தச்சு வையி' என்று திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள், ரவிக்கையை வாங்கும்போது மிச்சத் துணி எங்கே என்று கேட்டார்கள். விரல் அகலத் துண்டைக்கூட மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், தன்னோடு படிக்கும் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி கம்மலைக் கழற்றி வைக்கும்போது 'இவகிட்ட குடுக்காதீங்கடி' என்று சிரித்ததாகச் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாளாம். அன்று நான் மிஷினில் உட்கார்ந்து ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

எனக்கு அட்டிகை வேண்டியிருக்கவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு போய் உருக்கிக் குடித்தாலும் கவலையில்லை. எல்லார் முன்னாலும் சொன்னதை, எல்லார் முன்னாலும் இல்லையென்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பரிசத்துக்கு முன்னால் கல்லைச் சரிசெய்தாக வேண்டுமல்லவா? மதுரையில் கல் கட்டுகிற ஒரு பாய் கடைக்குக் கொண்டுபோவது, கற்கள் எல்லாம் மாற்றப்பட்டவை என்று அவர் வாயாலேயே ஆண்கள் முன்னால் சொல்ல வைப்பது, இதுதான் அவள் திட்டம். மூத்தவர், அவள் கணவர், போனில் கூப்பிட்டு என் கணவரை வரச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே வந்து நீ என்ன பேசப்போகிறாய் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

கடை, கோயிலுக்குத் தெற்கே நகைப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. பாய் வாசலுக்கு நேராக மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே தரையில் தாழ்வான பலகைக்கு முன்னால் இரண்டு வங்காளி ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நகையைப் பட்டறையில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் கிடையாது. வேலை முடிகிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அதற்குத் தயாராகத் தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள். பலகையில் முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்துகொண்டு, நான் பக்கத்தில் வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ தள்ளி உக்காரு தாயி. உனக்குக் கை நீளம்."

அந்த வங்காளி ஆட்களில் ஒருவருக்குத் தமிழ் புரியும்போலிருக்கிறது. அவர் என் கையைப் பார்த்தார். நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பாயிடம் அவள் கதை முழுவதையும் சொன்னாள். எங்கள் மாமியாரில் தொடங்கி, நான் மருமகளாக வந்தது, என் மகள் சடங்கு, போனில் இருந்த போட்டோ, கழன்ற கல் என்று வரிசையாகச் சொல்லி, "இது மாத்துன கல்லா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க பாய், மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று முடித்தாள். பாய் அட்டிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கமே தள்ளிவைத்தார்.

"நான் கல்லு கட்டுறவம்மா. பஞ்சாயத்துப் பண்ணுறவன் இல்ல. சண்டையோட வந்த நகைய நான் தொடுறதில்ல. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

மூத்தவர் கெஞ்சினார். பரிசம் நெருங்கிவிட்டது, வேறு எங்கே போவது என்றார். பாய் அசையவில்லை. சென்ற வருடம் இப்படித்தான் ஒரு குடும்பம் வந்ததாம். அக்காளும் தங்கையும் அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவர்மேல் பழி போட்டார்களாம். அதைச் சொல்லும்போது நாங்கள்தான் அந்த அக்காள் தங்கை என்கிற மாதிரி முறைத்தார். என் கணவர் கையைப் பிடிக்காத குறையாகப் பேசியபிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

"ரெண்டு பேரும் தொறக்கச் சொன்னாத்தான் தொறப்பேன். நாளைக்கு நான் மாத்திட்டேன்னு இதே வாய்தான் பேசும்."

"தொறங்க" என்றாள் அவள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "தலையாட்டுனா பத்தாது. வாயத் தொறந்து சொல்லணும்" என்றார். கொஞ்சம்கூட இரக்கமில்லாமல்தான் சொன்னார்.

"தொறங்க" என்றேன்.

வங்காளி ஆள் அட்டிகையைச் சிறு தீக்குமேல் காட்டி, ஊசிமுனையால் விளிம்பை நெம்பினார். நுனியில் மெழுகு வைத்த குச்சியால் ஒவ்வொரு கல்லாக ஒற்றி எடுத்தார். இருந்த வரிசை மாறாமல் ஒரு தட்டில் அடுக்கினார். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். பார்க்கிற நேரத்தை வீணாக்காமல் என்னைப் பற்றிய சாட்சியங்களையும் சொல்லிக்கொண்டே வந்தாள். தான் எப்படிப்பட்ட பொருளைக் கொடுத்தாள், நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதுதான் பேச்சு.

"நான் சும்மா ஒண்ணும் தூக்கிக் குடுத்துறல பாய். ஒரு வீட்லருந்து இன்னொரு வீட்டுக்குப் போற பொருளு, தீட்டு ஏதும் ஒட்டியிருக்கக் கூடாதுன்னு, மஞ்சத்தூளும் சோப்புப் பொடியும் போட்டு, சட்டியில நல்லாக் கொதிக்க வச்சு எடுத்தேன். அம்புட்டு அழுக்கும் போயி அப்படி மின்னுச்சு. அந்த நெறத்துல குடுத்தேன். போட்டோவே இருக்கு."

பாய் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "எத? இந்த அட்டிகையவா?" என்று கேட்டார்.

"பின்ன? என் செயினு, வளையலு எல்லாத்தையும் அப்படித்தான் கழுவுவேன். இம்புட்டு வருசத்துல ஒரு கொறையும் வந்ததில்ல."

"எம்புட்டு நேரம் கொதிச்சது?"

"ஒரு உலை சோறு வேகுற நேரம் இருக்கும்."

பாய் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. திரும்பி வங்காளி ஆட்களிடம் உருதிலோ இந்தியிலோ ஏதோ சொன்னார். குனிந்திருந்த இரண்டு தலைகளும் நிமிர்ந்து அவளைப் பார்த்தன.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அவளைத் திட்டுகிற மாதிரியே இருந்தது. செயின் முழுக்கத் தங்கம், அதைக் கொதிக்க வைக்கலாம். இந்த அட்டிகை அப்படியா? கல்லுக்குக் கீழே அரக்கு அடைத்திருக்கிறது. அரக்குக்கும் கல்லுக்கும் நடுவில் காகிதத்தைவிட மெல்லிய வெள்ளி ரேக்கு ஒன்று இருக்கிறது. அந்த ரேக்குதான் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, வெளுத்த கல்லையும் சிவப்பாகக் காட்டுகிறது. கொதிக்க வைத்தால் அரக்கு இளகும். சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே அழுக்குப் போய் அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே ரேக்கு மெல்ல மெல்லக் கறுத்துப்போகும். தீக்குமேல் காட்டி எடுத்த கற்களில் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் கரிபோல ஒட்டியிருந்தது. பிறகு அந்த வெளுத்த பெரிய கல்லைத் துடைத்து, புதிதாக ஒரு துண்டு ரேக்கை அடியில் வைத்து, விரல்நுனியில் ஏந்தி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். கண்ணாடி என்று அவள் சொன்ன கல், மாதுளை முத்தாக எரிந்தது.

"பழைய கல்லுதான். எல்லாமே பழைய கல்லுதான். உங்க அடுப்புல வெந்த கல்லு" என்றார்.

மூத்தவர் தரையைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். முகத்தை நேராகப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை, அன்று பார்த்தேன். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். மூடியைத் திருகினாள். திருகி முடித்தபின்தான் வாயைத் திறந்தாள்.

"அப்ப இவ வீட்டுல இருக்கும்போதுதான கருத்திருக்கு? மாசம் ஒருக்கா எடுத்துப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல. பாக்கல. பொருள் மேல அக்கறை இருந்தாத்தான பாப்பா."

திருடவில்லை என்று ஆனதும், அக்கறையில்லாதவளாக ஆகிவிட்டேன். குற்றம் மட்டும் மாறியது, குற்றவாளி மாறவில்லை.

படி இறங்கும்போது என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மதினி, காதுகுத்துல நாலு பேரு முன்னாடி சொன்னது... அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"என்ன வார்த்தை? அதான் கல்லு சரியாகப் போகுதுல்ல. பரிச வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றாள். படியில் என்னைத் தாண்டிப் போகும்போது சேலை என்மேல் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

புது ரேக்கு வைத்து, அரக்கு அடைத்து, கல் கட்டி முடிய இன்னும் சில நாட்கள் பிடித்தன. அவள் தினமும் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் டப்பாவோடு திரும்பினாள். எங்கள் வீட்டு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஜன்னலை விட்டு எழவில்லை. மிஷின் அங்கேதான் இருக்கிறது. அவளுக்காக இடத்தை மாற்ற முடியாது.

உசிலம்பட்டியில் ஒரு மண்டபத்தில் பரிசம் நடந்தது. அவள் மகள் கழுத்தில் அட்டிகை கிடந்தது. பாய் மோசமான ஆளாக இருக்கலாம், வேலை மோசமில்லை. மண்டபத்து விளக்குகள் எல்லாம் அந்தக் கழுத்தில்தான் எரிவதுபோல இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி என் கையில் யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, அட்டிகையைத் தொட்டுப் பார்த்தார். பழைய வேலையாக இருக்கிறதே, கல் நெருப்பு மாதிரி இருக்கிறதே என்று வியந்தார். சுற்றிலும் எங்கள் பக்கத்துப் பெண்கள், காதுகுத்தில் வெங்காயம் உரித்த அதே பெண்கள்.

"எங்க மாமியா போட்டதும்மா" என்றாள் அவள். "நடுவுல கைமாறிப் போயி கல்லெல்லாம் கெட்டுப்போச்சு. விட்டுட்டா போச்சுன்னு, நான்தான் பட்டறையிலயே தவம் கெடந்து மீட்டுக்கிட்டு வந்தேன்."

கைமாறி என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அவள் இதை விடமாட்டாள். அட்டிகை மின்னும் இடத்திலெல்லாம் இந்தக் கதையும் கூடவே போகும். என் மகள் காதிலும் விழும்.

"அக்கா" என்றேன். தட்டு சாய்ந்து, குங்குமம் சந்தனத்தில் சிந்தியது. "அதச் சோப்புப் பொடி போட்டுக் கொதிக்க வச்சது நீங்க. அதுனாலதான் கருத்துச்சு. கல்லு ஒண்ணுகூட மாறல, யாரும் மாத்தல. பாய் உங்க முன்னாடிதான் சொன்னாரு."

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முன்கதை எதுவும் தெரியாது.

"கல்லு அட்டிகையக் கொதிக்க வச்சீங்களா?" என்று அவளிடம் கேட்டார். "அதென்ன, மொச்சப்பயறா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று தெரிந்தது. இனிமேல் சொந்தத்தில் அட்டிகைப் பேச்சு வந்தால் மொச்சைப்பயறுதான் முதலில் வரும்.

அவள் முகம் சிவக்கவில்லை, வெளுத்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "எம்மக விசேஷத்துல என் மானத்த வாங்கணும்னு இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்திருக்க. ஊமைன்னு நெனச்சோமே."

"காதுகுத்துல வாங்குனது யாரு மானம்?" என்று கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று வாங்கி வேறு ஒருத்தியிடம் கொடுத்தாள்.

என் கணவர் ஓரமாக வந்து கிளம்பிவிடலாம் என்றார். விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்த அவமானத்தை அவளுக்கு நான் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நான் எழுந்து போனால், பார்த்தீர்களா, தப்புச் செய்தவள்தான் ஓடுவாள் என்று அரைமணி நேரத்தில் கதையைத் திருப்பிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று சொல்லி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன்.

பெண் வீட்டுக்காரி ஒவ்வோர் இலையாக விசாரித்து வர வேண்டும், அது முறை. அவள் வந்தாள். போதுமா, இன்னும் வைக்கச் சொல்லவா, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள் என்று சிரித்த முகமாக வந்தாள். எனக்கு முந்தின இலையில் இருந்தவரிடம் அவருடைய முழங்கால் வலியைக்கூட விசாரித்தாள். பிறகு என் இலையையும் என் மகள் இலையையும் தாண்டி, அடுத்தவரிடம் குனிந்து அப்பளம் வந்ததா என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சாப்பிடு என்று கையைக் காட்டினேன்.

இல்லையென்று அவள் வாயிலிருந்து வார்த்தையாக வராதது இப்படி வந்துவிட்டது. திருடியிடம் பாத்திரத்தை எண்ணிக் கொடுப்பார்கள். இப்படித் தாண்டிப் போக மாட்டார்கள். இது, தோற்றுப்போனவள் ஜெயித்தவளைத் தாண்டிப் போகிற மாதிரி. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, கேட்கப்போவதில்லை. அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

பரிமாறுகிறவர் இரண்டு வரிசை தள்ளி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணே, இங்க ரசம் என்று கூப்பிட்டேன். பந்தி முழுவதற்கும் கேட்டிருக்கும்.